புற்றுக்குப் பால்

2024 நவம்பரில் அமிர்தசரஸில் நடந்த ஒரு பத்திரிகையாளர் சந்திப்பின் காணொளி, சில நாள்களுக்குள் அம்பத்தூரில் எங்கள் தெருப் பெண்களின் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முன்னாள் கிரிக்கெட் வீரரும் அரசியல்வாதியுமான நவ்ஜோத் சிங் சித்து பேசியதை யாரோ தமிழில் சுருக்கி, ஒரு பட்டியலாக்கியிருந்தார்கள். எலுமிச்சைச் சாறு, பச்சை மஞ்சள், ஆப்பிள் சிடர் வினிகர், வேப்பிலை, துளசி. சர்க்கரை கூடாது. மாலை ஆறரைக்கு மேல் மறுநாள் காலை பத்துவரை எதுவும் சாப்பிடக் கூடாது. நான்காம் நிலை மார்பகப் புற்றிலிருந்து அவருடைய மனைவி நவ்ஜோத் கௌர் 40 நாளில் மீண்டுவிட்டார் என்பது செய்தி.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி அதைக் காட்டி, "மேம், எங்க அத்தைக்கு அடுத்த வாரம் மூணாவது கீமோ. இதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பினேன். "டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படி மேம் கேக்கறது?" என்றாள். அவளுடைய இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. நான் மருத்துவர் அல்ல, தமிழ் நடத்துகிறவள். ஒரு கதை யாருடைய வாயிலிருந்து வருகிறது, எதைச் சொல்லி எதை விடுகிறது என்று பார்ப்பது என் தொழில். சித்துவின் கதையை அப்படித்தான் வாசிக்க முயல்கிறேன்.

இலக்கணம் சொல்லித்தருகிற பழக்கத்தில் முதலில் எழுவாயைத் தேடினேன். வென்றது எது? மஞ்சள், வேப்பிலை, கட்டுப்பாடு. பேசியவர் யார்? கணவர். அறுக்கப்பட்டதும் மருந்தேற்றப்பட்டதும் யாருடைய உடம்போ, அவர் இந்தக் கதையில் செயப்படுபொருள். அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்தன என்பதைச் சித்து மறைக்கவில்லை. ஆனால் கதையின் விசை அங்கே இல்லை. சிகிச்சை ஒரு பின்னணித் தகவலாக ஒதுங்கிக்கொள்ள, எலுமிச்சை நாயகனாகிவிடுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு உடனே அறிக்கை விட்டார்கள். மஞ்சளையும் வேம்பையும் பற்றி ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் அவற்றைப் புற்றுக்கு மருந்தாகப் பரிந்துரைக்கச் சான்று இல்லை, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். சில நாள்களில் சித்துவும் உணவுமுறை மருத்துவர்களின் ஆலோசனையோடுதான் நடந்தது, அது சிகிச்சைக்குத் துணை மட்டுமே என்று விளக்கினார். எங்கள் தெருவுக்கு அறிக்கையும் வரவில்லை, விளக்கமும் வரவில்லை. பட்டியல் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. நவ்ஜோத் கௌர் மகப்பேறு மருத்துவர். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 2023 மார்ச்சில் நோய் தெரியவந்தபோது சித்து பாட்டியாலா சிறையில் இருந்தார். நவ்ஜோத் கௌர் ட்விட்டரில் தன் கணவருக்கு எழுதினார்: இது பரவும் வகைப் புற்று, உங்களுக்காக இனிக் காத்திருக்க முடியாது, இன்று அறுவை சிகிச்சைக்குப் போகிறேன் என்ற பொருளில். கணவர் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஒரு மருத்துவர், தன் உடம்பைத் தானே படித்து, நாள் கடத்தாமல் எடுத்த முடிவு அது. மார்பகப் புற்றைப் பற்றி நம் பெண்களுக்கு எடுத்துச்சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. ஆனால் ஊர் ஊராகப் போனது அவள் காத்திருக்கவில்லை என்ற கதையல்ல, அவன் பத்தியம் வைத்தான் என்ற கதை.

அது ஏன் நம்மிடம் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது? பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிற திருவேற்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். கருமாரியம்மன் கோயிலில் வேப்பிலையும் மஞ்சளும் எலுமிச்சையும் அம்மனுக்கு உரியவை. சித்துவின் பட்டியலில் வினிகரைத் தவிர மற்றவற்றை நம் பெண்கள் நோயோடும் அம்மனோடும் சேர்த்துப் பரம்பரையாக அறிவார்கள். 40 நாள் கணக்கும் நமக்குப் புதிதல்ல, மண்டலத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே பெண்கள் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிறார்கள். தமிழில் பாம்பு குடியிருப்பதும் புற்று, மார்பில் வருவதும் புற்று. இந்தச் சொல்லொற்றுமையை நான் கவிதையில் ரசிப்பேன். ஆனால் வாழ்க்கையில் அது ஒரு பயத்தைச் சுமந்து வருகிறது: ஏதோ குறை வைத்துவிட்டோம், நேர்த்திக்கடன் பாக்கி, நாகதோஷம். நோய் வந்ததற்கே காரணம் அவள் என்றாகிவிடுகிறது. குணமாவதும் அவளுடைய ஒழுக்கத்தில், அதாவது பத்தியத்தில், இருக்கிறது என்றால் குணமாகாததற்கும் காரணம் அவள்தான். "வாயைக் கட்டலை, அதான் போய்ச் சேர்ந்துட்டா" என்று சாவு வீட்டிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். பத்தியக் கதைகளின் மறுபக்கம் இது. பிழைத்தால் பெருமை வைத்தவருக்கு, இறந்தால் பழி இறந்தவளுக்கு.

கோயிலுக்குப் போவதைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. மனசுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். கேள்வி, சேர்த்துக்கொள்ளலாமா என்பதுதான். இதற்கு ஆய்வுகள் தரும் பதில் இரு தரப்பினரின் கோஷங்களையும்விடத் துல்லியமானது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதலாவது, குணப்படுத்தக்கூடிய நிலையில் வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய 281 பேரைப் பற்றியது. அவர்களில் மார்பகப் புற்று வந்தவர்கள் இறக்கும் அபாயம், சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. இரண்டாவது ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கமான சிகிச்சையோடு மாற்று மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்ட 258 பேருக்கும் இறக்கும் அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. அப்படியானால் சேர்ப்பதே விஷமா? இல்லை. சேர்த்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 34 பேர் பரிந்துரைத்த கீமோவை மறுத்திருந்தார்கள்; சேர்க்காதவர்களில் அப்படி மறுத்தவர்கள் 3 பேர்தான். கதிர்வீச்சை, நம் ஊரில் 'கரண்ட்' என்கிறோமே, அதைப் பாதிக்கு மேற்பட்டவர்கள் மறுத்திருந்தார்கள். இந்த மறுப்பையும் தாமதத்தையும் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தால், சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆபத்து சேர்ப்பதில் இல்லை. ஒன்றைச் சேர்க்கும்போது இன்னொன்று சத்தமில்லாமல் கழன்றுகொள்வதில் இருக்கிறது.

'இயற்கை', 'கெமிக்கல்' என்ற பிரிவினையும் இங்கே உதவாது. நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டோரத்திலும் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்துகள் வந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த வினோரெல்பின் முற்றிய மார்பகப் புற்றுக்குத் தரப்படுகிறது. பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து முதலில் கிடைத்தது ஒரு மரத்தின் பட்டையிலிருந்து. கீமோ அறையில் தொங்குகிற பாட்டிலில் செடியும் மரமும் இருக்கின்றன. மறுபக்கம், சித்த மருத்துவத்தில் புற்றுக்குச் சொல்லப்படுகிற இரசகந்தி மெழுகில் இரசமும் கந்தகமும் இருக்கின்றன. இரசம் என்பது பாதரசம். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டால் தோல் வெந்துபோகும் என்பது எந்த வைத்தியருக்கும் தெரியும். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை அளவில்லாமல் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து வாதிட்டது. வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பல கீமோ மருந்துகள் கல்லீரல் வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறுகின்றன என்ற ஒரு விஷயம் போதும், சொல்லாமல் குடிக்கிற கஷாயம் ஏன் ஆபத்து என்று புரிந்துகொள்ள. எந்த மருந்து, எவ்வளவு, எதற்கு, எப்போது, யாருக்குத் தெரிந்து என்று கேட்க வேண்டிய இடத்தில் 'இயற்கை' என்ற சொல் வாயை அடைத்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டு ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மின்கம்பத்தில் ஒட்டியிருந்த 'ஆபரேஷன் இல்லாமல் கட்டி கரைய' நோட்டீஸைப் பார்த்து ஒருவரிடம் சூரணம் வாங்கிச் சாப்பிட்டார். கட்டி எலுமிச்சை அளவானதும் மருத்துவமனை. கீமோ தொடங்கிய பிறகும் அவர் ஒரு கஷாயத்தை நிறுத்தவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்ததால் ஒரு சுற்றைத் தள்ளிவைத்தார்கள். கஷாயத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர் நிமிர்ந்தே பாக்கலையேம்மா. ஃபைலைத்தான் பாத்தாரு. நான் எதைச் சொல்றது?" என்றார். வைத்தியர் எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அவரு கையைப் புடிச்சு நாடி பாத்தாரு. தூக்கம் வருதா, பசிக்குதா, புள்ளைங்க என்ன பண்ணுதுன்னு கேட்டாரு."

அந்தப் பெண்ணை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை மாற்று மருத்துவத்துக்கு அழைத்துப்போனது அதன் மருந்து அல்ல, அதன் செவி. கூட்டம் வழிகிற ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கிற சில நிமிடங்களில், கட்டியின் அளவு பதிவாகிறது. கட்டியைச் சுமக்கிறவளின் பயம் பதிவாவதில்லை. அவள் பயந்தது சாவுக்கு மட்டுமல்ல. முலையை எடுத்துவிடுவார்களோ, முடி கொட்டிவிடுமோ, வேலை போய்விடுமோ, புருஷன் விட்டுவிடுவானோ. அந்த உறுப்பின் பெயரைக்கூட அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. "இங்க" என்று கையைக் காட்டினாள். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது அந்த ஒரு சொல்லுக்காகத் தமிழ்ச் சூழலில் எவ்வளவு கூச்சல் எழுந்தது என்பதை என் தலைமுறை மறக்கவில்லை. அவர் சித்த மருத்துவம் படித்தவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. உடலுறுப்பின் பெயரை ஒரு பெண் எழுதக் கூடாது என்ற அதே நாகரிகம்தான், உறுப்பில் கட்டி வந்தால் ஏழு மாதம் மறைக்கவும் சொல்லித்தருகிறது.

பெண்ணியம் பேசுகிற நாமும் இங்கே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. மருத்துவ அதிகாரத்தின் மீது நமக்குள்ள சந்தேகம் நியாயமானது. 1970களில் அமெரிக்காவில் கட்டியோடு போன பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, சதைப் பரிசோதனை செய்து, புற்று என்றால் அதே மயக்கத்திலேயே முலையை எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போதுதான் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். 1974இல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் அதற்கு மறுத்தார். பரிசோதனையை மட்டும் செய்யுங்கள், மீதியை நான் யோசித்து முடிவுசெய்கிறேன் என்றார். விடாமல் எழுதினார், வாதாடினார். 1979இல் அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு அந்த ஒரே மயக்க முறையைக் கைவிடச் சொன்னபோது அவரும் அக்குழுவில் இருந்தார். மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் பலருக்கு அதே ஆயுள் கிடைக்கும் என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. மருத்துவத்தை விட்டு வெளியேறாமல், அதற்கு உள்ளே நின்று சண்டை போட்டுக் கத்தியைச் சிறிதாக்கிய பெண்கள் இவர்கள்.

ஆட்ரி லார்டின் வழி வேறு. 1978இல் மார்பக நீக்கம். 1980இல் தன் புற்றுநோய்க் குறிப்புகளை நூலாக்கினார். செயற்கை மார்பு வைக்காமல் போனதற்காக, இது எங்கள் மருத்துவ நிலையத்தில் மற்றவர்களின் மனத்தைத் தளர்த்தும் என்று செவிலி கண்டித்ததையும் அதில் எழுதினார். 1984இல் புற்று கல்லீரலுக்குப் பரவியது தெரிந்தபோது, சதைப் பரிசோதனையை மறுத்து, புல்லுருவிச் செடியிலிருந்து எடுக்கிற இஸ்காடோர் ஊசியைத் தேர்ந்தார். ஸ்விட்சர்லாந்துக்கும் போய்ச் சிகிச்சை பெற்றார். 1992இல் இறந்தார். அந்த ஊசி ஆயுளை நீட்டும் என்பது இன்றும் நிறுவப்படவில்லை. ஆனால் லார்ட் அதை யாருக்கும் விற்கவில்லை. தேடிப் படித்து, சந்தேகங்களையும் சேர்த்தே தன் பெயரில் எழுதிவைத்தார். நாவலாசிரியர் கேத்தி ஆக்கர் 1996இல் இரு மார்பகங்களையும் நீக்கிக்கொண்ட பின் கீமோவை மறுத்து மாற்றுச் சிகிச்சையாளர்களிடம் போனார். 1997 முடியும் முன்பே இறந்துபோனார். அவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. 'என் உடல், என் தேர்வு' என்று நாம் சொல்லும்போது இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. காசில்லாததால், நேரமில்லாததால், பயத்தால் ஒருத்தி எடுக்கிற முடிவைத் தேர்வு என்று கொண்டாடினால், நோட்டீஸ் ஒட்டுகிறவனின் மொழியைத்தான் நாமும் பேசுகிறோம்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1954ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, புற்று வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற மனப்போக்கோடு பல ஆண்டுகள் போராடி, இந்தியப் பெண்கள் சங்கத்தின் மூலம் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே ஆண்டு, புற்று உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் வந்தது. எழுபது ஆண்டுக்குப் பிறகு அடையாறு மருத்துவமனை வளர்ந்து நிற்கிறது. சட்டமும் இருக்கிறது. நோட்டீஸும் மின்கம்பத்தில் இருக்கிறது.

அரசு இரண்டு மருத்துவங்களையும் மறுக்கவில்லை. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனை இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் ஒரே வளாகத்துக்குள் சித்தா பிரிவும் உண்டு. இங்கே ஒரு சீட்டு, அங்கே ஒரு சீட்டு. இந்தச் சீட்டை அவர் பார்ப்பதில்லை, அந்தச் சீட்டை இவர் பார்ப்பதில்லை. இரண்டையும் பார்க்கிற ஒரே ஆள் நோயாளி. இரண்டையும் சேர்க்கிற வேலை அவளுடைய சமையலறையில், மிக்ஸிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே நடக்கிறது. 'ஒருங்கிணைந்த மருத்துவம்' என்று மாநாடுகளில் பேசப்படுவதன் நடைமுறை இதுதான். வீட்டின் எல்லா வேலைகளையும் போல இதுவும் கூலியில்லாத, கணக்கில் வராத, தப்பினால் பழி வருகிற பெண் வேலை. என் விமர்சனம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. சேர்க்கும் வேலையை அவள் தலையிலிருந்து இறக்கி மருத்துவர்களின் மேசைமேல் வைக்க வேண்டும்.

அதற்கு என்ன செய்யலாம்? புற்றுநோய்ப் பிரிவில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு, திட்டாமல், "வேறு என்னென்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். சித்த மருத்துவர், சதைப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் எந்தக் கட்டிக்கும் மருந்து தரக் கூடாது. தருகிற மருந்தின் பெயரை எழுதித் தர வேண்டும். பொட்டலத்தில் பெயரில்லாத மருந்தை நாம் வாங்கக் கூடாது. யோகாவும் மூச்சுப் பயிற்சியும் பதற்றத்தையும் சோர்வையும் தூக்கமின்மையையும் குறைக்க உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது; கட்டியைக் கரைக்கும் என்பதற்கு இல்லை. முதலில் சொன்ன உதவிக்காக அவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். நிறுத்தச் சொல்கிற யாரையும் சேர்க்கக் கூடாது.

பிறகு, காசும் நாளும். கரண்ட் வைக்க வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள், ஆவடியிலிருந்து நகரத்துக்குள் போய்வர வேண்டியவளுக்குத் தெருமுனைச் சூரணம் மலிவாகத்தான் தெரியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். புற்றுநோய் அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு அதில் அடங்கும். இ.எஸ்.ஐ.யில் இரண்டாண்டு தொடர் வேலை உள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்க்கு ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டாண்டுவரை தர வழி உண்டு. எங்கள் தெரு அக்காவுக்கு இது தெரியாது. கம்பெனியில் யாரும் சொல்லவில்லை. விடுப்பெடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்துதான் அந்த ஏழு மாதமும் போனது. எலுமிச்சைப் பட்டியலைக் குழுவில் போடுகிற கைகள் இந்த இரண்டு வரிகளையும் போடலாமே.

அந்த அக்கா இப்போது தமாக்சிஃபென் மாத்திரையில் இருக்கிறார், ஐந்தாண்டு சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுக்கும் போகிறார். கஷாயத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி ஃபைலுக்குள் வைத்திருக்கிறார், கேட்டால் காட்ட. இன்னும் யாரும் கேட்கவில்லை. போன மாதம் அவரே எடுத்து நீட்டினாராம். என் மாணவியிடம் நவ்ஜோத் கௌரின் 2023 மார்ச் செய்தியை அனுப்பி, அத்தைக்கு இதையும் படித்துக்காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.